இறைவரித் திணைக்களம் கணக்கோடு நேரில் வரச் சொன்னால்

கேள்வி: புறக்கோட்டையில் என் பெயரிலேயே துணிக்கடை நடத்துகிறேன். வற் (பெறுமதி சேர் வரி) பதிவு இல்லை. 2024/25 வருமான வரி விபரத்திரட்டைக் கொடுத்துவிட்டேன். இப்போது கணக்குப் புத்தகங்களோடு நேரில் வரும்படி உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கனடாவிலுள்ள தம்பி அனுப்பிய காசும் சீட்டுக் காசும் கடையின் வங்கிக் கணக்கில்தான் விழுந்திருக்கின்றன. எப்படித் தயாராவது?

பதில்: முதலில் கடிதத்தை நிதானமாக வாசியுங்கள். எந்த மதிப்பாண்டு (வரி கணக்கிடும் ஆண்டு), என்னென்ன ஆவணங்கள், எந்தத் திகதி என்று அதில் இருக்கும். கேட்டதை முழுமையாகக் கொண்டுபோங்கள். கேட்காத வருடங்களின் பைல்களை அள்ளிக்கொண்டு போகத் தேவையில்லை. திகதி போதாது என்றால், அந்த நாள் வருவதற்கு முன்பே எழுத்தில் அவகாசம் கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் முழுக் கவனமும் வங்கிக் கூற்றில்தான் இருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை கணக்கில் விழுந்த தொகையை அதிகாரி கூட்டிப் பார்ப்பார். நீங்கள் காட்டிய விற்பனையோடு ஒப்பிடுவார். மிஞ்சுகிற தொகைக்கு விளக்கம் இல்லாவிட்டால், அதையும் விற்பனையாகவே எடுத்துக்கொள்ள இடமுண்டு. அப்போது உயர்வது வருமான வரி மட்டுமல்ல. அந்த மதிப்பாண்டில் வற் பதிவுக்கான எல்லை காலாண்டுக்கு 15 மில்லியன் ரூபா. சீட்டுக் காசும் சேர்ந்து உங்களை அந்த எல்லைக்கு மேல் தள்ளிவிடக்கூடும்.

ஆகவே அந்தக் கூட்டலை நீங்களே முதலில் செய்யுங்கள். கூற்றின் ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் அது என்ன என்று எழுதுங்கள்: விற்பனை, தம்பியின் காசு, சீட்டு, கைமாற்று, உங்கள் இன்னொரு கணக்கிலிருந்து மாற்றியது. தம்பியின் காசுக்கு வங்கி அனுப்பிய அறிவித்தலும் அவர் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். சீட்டுக்கு, பிடித்தவரின் கொப்பியில் உங்கள் பெயர் வரும் பக்கங்களின் பிரதியும், நீங்கள் மாதாமாதம் கட்டியதற்கான அடையாளமும் வேண்டும். நகை அடகு வைத்த காசு ஏதும் விழுந்திருந்தால் அடகுச் சீட்டு போதும். ஆதாரம் கிடைக்காத வரவை அப்படியே சொல்லுங்கள். இப்போது உட்கார்ந்து பழைய திகதியில் பில் எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வெறும் கணக்குக் குறைபாடாக இருந்தது அதன் பிறகு மோசடியாகிவிடும்.

அப்புறம், மார்ச் 31 கையிருப்புப் பட்டியல், கொள்வனவு பில்கள், கடை வாடகை ஒப்பந்தம். சொத்து, பொறுப்புக் கூற்றில் புதிதாக வாகனமோ காணியோ வந்திருந்தால், அதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்பதும் கேட்கப்படும்.

கணக்காளரிடம் எழுத்தில் அதிகாரம் கொடுத்துக் கூட்டிப்போங்கள். ஆனால் நீங்களும் போங்கள். எந்த மாதம் வியாபாரம் ஏறும், தீபாவளிக்கு எவ்வளவு கடன் கொடுப்பீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். தமிழிலேயே பேசலாம், எழுதிக் கொடுக்கலாம். அது அரசியலமைப்பு தந்த உரிமை. விளங்காத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். ஒப்படைக்கும் ஆவணங்களைப் பட்டியலிட்டு, பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். மூலத்தைக் கொடுக்க நேர்ந்தால் பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

முடிவில் மேலதிக வரி மதிப்பீடு வந்து, அது சரியில்லை என்று நினைத்தால், 30 நாட்களுக்குள் நிர்வாக மீளாய்வு (திணைக்களமே முடிவை மறுபடி பார்ப்பது) கேட்டு எழுத வேண்டும். அதிலும் உடன்பாடு இல்லையென்றால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்குப் போகலாம். மதிப்பீட்டுக் கடிதம் கைக்கு வந்த உறையைக்கூட எறியாமல் வைத்திருங்கள். நாளை எண்ணுவதற்கு அது உதவும்.