முதுகுவலிக்கு சைடுமவுண்ட்: செட் வாங்கும் முன் ஒரு சோதனை

கேள்வி: எனக்கு வயது 47. ஏறக்குறைய 60 ஸ்கூபா டைவ் முடித்திருக்கிறேன். இடுப்புப் பகுதியில் டிஸ்க் பிரச்சினை உண்டு. படகில் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு எழுவதும், டைவ் முடிந்து ஏணியில் ஏறுவதும் பெரும் வேதனையாக இருக்கிறது. சைடுமவுண்ட் முறையில் இரண்டு சிலிண்டர்களை உடம்பின் இரு பக்கமும் மாட்டிக்கொண்டால் முதுகுக்குப் பாரமே இருக்காது, காற்றும் இரட்டிப்பு, பாதுகாப்பும் இரட்டிப்பு என்கிறார் ஒரு பயண ஏற்பாட்டாளர். இரண்டு நாள் பயிற்சியையும் முழு செட்டையும் சேர்த்து ஒரே தொகைக்குத் தருகிறாராம். வாங்கலாமா? நான் படகிலிருந்துதான் டைவ் செய்கிறேன். 30 மீட்டருக்குக் கீழே போவதில்லை.

பதில்: சைடுமவுண்ட் உங்கள் முதுகுக்கு உதவ வாய்ப்பிருக்கிறது. ஆனால் அந்த செட்டை இப்போது வாங்க வேண்டாம். முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

முதலில் பாரத்தைக் கணக்குப் பார்ப்போம். படகுகளில் பெரும்பாலும் கிடைக்கும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் காலியாகவே 14 கிலோவுக்கு மேல் இருக்கும். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்றின் எடை மட்டும் இரண்டரை கிலோவைத் தாண்டும். வால்வையும் சேர்த்தால் 17 கிலோவுக்கு மேல். இரண்டு சிலிண்டர் என்றால் ஏறக்குறைய 35 கிலோ. பாரம் குறையவில்லை, கூடியிருக்கிறது. சைடுமவுண்டில் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் ஒன்றுதான்: சிலிண்டரை உடம்பிலிருந்து தனியாகப் பிரிக்கலாம். வெறும் ஹார்னஸோடு (உடம்பில் கட்டும் வார்களின் தொகுப்பு) தண்ணீரில் இறங்கி, சிலிண்டர்களை ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு ஏணியில் ஏறலாம்.

இது நடக்க வேண்டுமானால் படகில் ஒருவர் குனிந்து சிலிண்டரைக் கொடுக்க வேண்டும், திரும்ப வாங்க வேண்டும். படகின் ஓரத்தில் சிலிண்டரைக் கொக்கி மாட்டித் தொங்கவிட ஒரு கயிறு வேண்டும். இவை இல்லாத படகில் இரண்டையும் மேலேயே மாட்டிக்கொண்டு குதிக்கச் சொல்வார்கள். 35 கிலோவும் இடுப்பு வாரிலிருந்தும் மார்பு வாரிலிருந்தும் தொங்கும். உங்கள் டிஸ்க்குக்கு இப்போது இருப்பதைவிட அது மோசம்.

ஏற்பாட்டாளர்கள் மீது எனக்கு இருக்கும் கோபம் இங்கேதான் தொடங்குகிறது. "படகில் சைடுமவுண்ட் வசதி உண்டு" என்று எழுதிக் கொடுப்பார்கள். விசாரித்தால் கூடுதலாக ஒரு சிலிண்டர் தருவார்கள் என்பதுதான் அதன் பொருள். ஒருமுறை அப்படி ஒருவரை நம்பி மாணவர்களோடு போனேன். படகில் இருந்தவர்கள் அதற்கு முன் இந்த முறையைப் பார்த்ததே இல்லை. தண்ணீரிலிருந்து நீட்டிய சிலிண்டரை, ரெகுலேட்டர் (வாயில் வைத்துச் சுவாசிக்கும் கருவி) ஹோஸைப் பிடித்துத் தூக்கினார்கள். ஹோஸ் பொருந்தும் இடத்தில் அன்றே கசிவு தொடங்கிவிட்டது, அடுத்த டைவ் போயிற்று. அவர்கள் மேல் தப்பில்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டவர் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே நீங்கள் பேச வேண்டியது ஏற்பாட்டாளரிடம் இல்லை, படகை ஓட்டுபவரிடம். "தண்ணீரில் வைத்து சிலிண்டரைக் கொடுத்து வாங்குவீர்களா, ஆள் இருக்கிறதா?" இந்த ஒரு கேள்வி போதும்.

அடுத்து, காற்று இரட்டிப்பு என்ற பேச்சு. காற்று இரட்டிப்பாகும், சரி. நீங்கள் கீழே இருக்கக்கூடிய நேரம் இரட்டிப்பாகாது. டைவிங் பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) அட்டவணைப்படி, சாதாரணக் காற்றில் 30 மீட்டரில், மேலே வரும் வழியில் கட்டாய நிறுத்தம் இல்லாமல் இருக்கக்கூடிய நேரம் 20 நிமிடம். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 30 மீட்டரில், அழுத்தம் நான்கு மடங்கு என்பதால், 80 லிட்டர் சுவாசிப்பார். 20 நிமிடத்துக்கு 1600 லிட்டர். ஒரே சிலிண்டரில் 2200 லிட்டர் இருக்கிறது. அங்கே உங்களைத் தடுத்து நிறுத்துவது காற்று இல்லை, உடம்பில் ஏறும் நைட்ரஜன். 18 மீட்டரில் கதை வேறு. அந்த ஆழத்தில் 56 நிமிடம் வரை இருக்கலாம், அதற்கு 3100 லிட்டருக்கு மேல் வேண்டும், ஆகவே இரண்டாவது சிலிண்டர் நிஜமாகவே உதவும். ஆனால் காற்று மிச்சம் இருக்கிறதே என்று ஆழத்தில் தங்கிவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒற்றைச் சிலிண்டரில் பிரஷர் கேஜ் முள் இறங்குவதே அவர்களை மேலே வரவைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கடிவாளம் இனி இருக்காது.

பாதுகாப்பு இரட்டிப்பு என்பதும் பாதி உண்மைதான். இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே இணைப்பு எதுவும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனி ரெகுலேட்டர், தனி கேஜ். ஒன்று பழுதானால் மற்றதில் இருப்பதுதான் உங்கள் சொத்து. இடதில் 40 பார் வரை இழுத்துத் தீர்த்துவிட்டு, வலதில் முழு 200 வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 30 மீட்டரில் வலது ஹோஸ் வெடித்தால் உங்களிடம் மிஞ்சுவது 440 லிட்டர். பதற்றத்தில் மூச்சு வேகமாகும் நேரத்தில் தனியாக மேலே வரவே அது இழுபறி, கூட வருபவருக்குக் கொடுக்க ஒன்றுமிருக்காது. இரண்டும் 120 பாரில் இருந்திருந்தால் எது வெடித்தாலும் 1300 லிட்டர் கையில் இருக்கும். அதனால்தான் வாயில் இருக்கும் ரெகுலேட்டரை அடிக்கடி மாற்றி, இரண்டு கேஜுக்கும் நடுவே 30, 40 பாருக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முகமூடிக்குள் தண்ணீர் ஏறி, நீரோட்டம் தள்ளிக்கொண்டிருக்கும்போதும் இந்தக் கணக்கு மனதில் ஓட வேண்டும். அதற்குப் பழக்கம் தேவை, இரண்டு நாள் போதாது.

நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டப்பட்ட காற்று) நிரப்பினால் இரண்டு சிலிண்டர்களையும் தனித்தனியே ஆக்சிஜன் மீட்டரில் அளந்து பாருங்கள். ஒன்றை மட்டும் அளந்துவிட்டு "இரண்டும் ஒரே நாளில் நிரப்பியது" என்று சொல்வதை ஏற்காதீர்கள். உங்கள் டைவ் கணினி ஆக்சிஜன் 32 சதவீதம் என்று நினைத்துக் கணக்குப் போட, ஒரு சிலிண்டரில் வெறும் காற்று இருந்தால், அது அறியாமலே உங்கள் உடம்பில் நைட்ரஜன் கூடிக்கொண்டிருக்கும்.

இனி அலுமினிய சிலிண்டரின் குணம். சைடுமவுண்டில் உடம்பு தானாகவே கிடைமட்டமாக மிதக்கும், இடுப்பு ஓய்வெடுக்கும் என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் உங்கள் படகில் கிடைக்கப்போவது அலுமினிய சிலிண்டர். நிரம்பியிருக்கும்போது அது தண்ணீரில் முக்கால் கிலோ அளவுக்கு அமிழும். காலியாகும்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோ அளவுக்கு மிதக்கும். வால்வும் ரெகுலேட்டரும் கனமானவை என்பதால் கழுத்துப் பக்கம் கீழேயே நிற்கும், அடிப்பாகம் மட்டும் மேலே எழும். பாதி டைவுக்குப் பிறகு இரண்டு சிலிண்டர்களின் அடிப்பாகமும் உங்கள் புட்டத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அதைச் சமாளிக்க உடம்பு தன்னையறியாமல் இடுப்பை வளைக்கும். எந்த இடத்தில் உங்களுக்கு டிஸ்க் பிரச்சினையோ அந்த இடத்தில்தான் அந்த வளைவு விழும்! சிலிண்டர் காலியாக ஆக, அடிப்பாகத்தின் கொக்கியைப் பின்பக்க வளையத்திலிருந்து இடுப்பின் முன்பக்க வளையத்துக்கு மாற்றிக்கொண்டே வருவதுதான் இதற்கு மருந்து. கேட்கச் சுலபம். கையுறையோடு, பார்க்காமல், நீந்திக்கொண்டே செய்யப் பழக வேண்டும். எஃகு சிலிண்டரில் இந்தத் தொல்லை இல்லை, அது கடைசிவரை பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும். பயிற்சி தருபவர் எஃகு சிலிண்டரில் அழகாகக் கற்றுக்கொடுத்துவிட்டு உங்களை அனுப்பிவைத்தால், படகில் அலுமினியத்தை மாட்டியதும் கற்றதில் பாதி உதவாது. எந்தச் சிலிண்டரில் டைவ் செய்யப்போகிறீர்களோ அதிலேயே பயிற்சி வேண்டும் என்று அடம்பிடியுங்கள். உடம்பு தண்ணீரில் அமிழ இடுப்பில் கட்டும் ஈயத்தையும் காலிச் சிலிண்டரை மனதில் வைத்தே கணக்கிட வேண்டும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே ஐந்து கிலோ வித்தியாசம் வந்துவிடும்.

பயிற்சி அமைப்புகளின் போக்கு எனக்குப் பொறுமையைச் சோதிக்கிறது. இத்தனை நீச்சல்குளப் பயிற்சி, இத்தனை திறந்தவெளி டைவ் என்று அவர்கள் போட்டிருப்பது குறைந்தபட்ச அளவு. சந்தையில் அதுவே அதிகபட்ச அளவாகிவிட்டது. ஹார்னஸ் வார்களை ஒருவர் உடம்புக்குச் சரிசெய்யவே ஒரு முழு நாள் போய்விடும். அதைத் தண்ணீரில் பார்த்துப் பார்த்துத்தான் திருத்த முடியும், தரையில் நிற்கவைத்துச் செய்ய முடியாது. பயிற்சி முடித்ததற்கான அட்டை கையில் வந்துவிடுகிறது, சிலிண்டர் இன்னும் தொடையில் இடித்துக்கொண்டிருக்கிறது. சொல்லித்தருபவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: கடந்த ஓராண்டில் உங்கள் சொந்த டைவ்களில் எத்தனை சைடுமவுண்ட்? என்னைத் தண்ணீருக்குள் வீடியோ எடுத்துக் காட்டுவீர்களா? இரண்டாவதற்கு இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

செட்டைப் பொறுத்தவரை, சாதாரண டைவ் ஜாக்கெட்டாகவும் (சிலிண்டரை முதுகில் பூட்டும், காற்று நிரப்பினால் மிதக்கும் உடுப்பு) சைடுமவுண்டாகவும் மாறும் என்று விற்கப்படும் பலவற்றில் காற்றுப்பை தோளருகே மேலே இருக்கிறது. அது இடுப்பருகே இருந்தால்தான் கால்கள் தாழாமல் இருக்கும். உங்களிடம் இருக்கும் ரெகுலேட்டரை விற்றுவிடாதீர்கள். ஹோஸ்களை மாற்றினால் பெரும்பாலும் அதையே பயன்படுத்தலாம், இன்னொன்று மட்டும் வாங்கினால் போதும். பயிற்சி முடியும்வரை எதையும் வாடகைக்கு எடுங்கள்.

காலில் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பலவீனம் ஏதாவது இருந்தால் எல்லாவற்றுக்கும் முன் டைவிங் மருத்துவம் தெரிந்த மருத்துவரைப் பாருங்கள். உடம்பில் ஏறிய நைட்ரஜன் மேலே வரும்போது குமிழாவதால் வரும் அழுத்த நீக்க நோயிலும் இதே அறிகுறிகள் வரலாம். டைவுக்குப் பிறகு கால் மரத்தால் அது பழைய டிஸ்க்கா, புதிய ஆபத்தா என்று யாராலும் உடனே பிரித்துச் சொல்ல முடியாது. இப்போது இருப்பதை அவர் பரிசோதித்து எழுதி வைத்திருந்தால் அன்று அது உங்களுக்குக் கைகொடுக்கும்.

மருத்துவர் சரி என்றால், அடுத்த பயணத்தில் உங்கள் பழைய ஜாக்கெட்டையே வைத்து ஒரு சோதனை செய்யுங்கள். ஏற்பாட்டாளர் இதைச் சொல்ல மாட்டார், இதில் அவருக்கு விற்க ஒன்றுமில்லை. அமைதியான கடலில், சிலிண்டர் பூட்டிய ஜாக்கெட்டில் காற்றை நிரப்பி, கயிற்றில் கட்டித் தண்ணீரில் மிதக்கவிடச் சொல்லுங்கள். நீங்கள் வெறும் உடம்போடு இறங்கி அங்கேயே மாட்டிக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஈயத்தை முதலில் மேலே கொடுத்துவிட்டு, ஜாக்கெட்டைத் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுத்து, பிறகு ஏறுங்கள். முதல் பயிற்சியில் நீங்கள் கற்றதுதான் இது. இப்படி நான்கைந்து டைவ் செய்த பிறகு முதுகு நிம்மதியாக இருந்தால், உங்கள் பிரச்சினை படகோடு தீர்ந்துவிட்டது, செட்டே தேவையில்லை. தண்ணீருக்குள்ளேயே வலித்தால், சிலிண்டர் முதுகில் அழுத்துவதால் வலிக்கிறதா, இடுப்பு வளைவதால் வலிக்கிறதா என்று கவனியுங்கள். அழுத்துவதால் என்றால் சைடுமவுண்ட் பயிற்சிக்குத் தாராளமாகப் போகலாம். வளைவதால் என்றால், ஈயத்தை இடுப்பிலிருந்து கொஞ்சம் மேலே நகர்த்தி, கால் தாழாமல் செய்து பாருங்கள்.