மரபணு அறிக்கை வந்ததும் அப்பாவின் மாத்திரையை நிறுத்தலாமா?

கோபி தம்பி, அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து நாலு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஆயுள் கூட்டுகிற பேக்கேஜ் என்று மரபணுப் பரிசோதனைக்கு எச்சில் மாதிரி கொடுத்ததில், ரத்தம் உறையாமலிருக்க அவர் சாப்பிடுகிற மாத்திரையான 'குளோபிடோகிரெல் சரியாக வேலை செய்யாது' என்று வந்திருக்கிறது, நிறுத்தலாமா என்கிறீர்கள். நீங்களாக நிறுத்தவே கூடாதுங்க. திடீரென விட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம்.

அதற்காக அறிக்கை பொய் என்றில்லை. அந்த மாத்திரை விழுங்கியவுடன் வேலை செய்வதில்லை, கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதிதான் அதை மருந்தாக மாற்றுகிறது. அறிக்கையில் *2/*2 என்றிருந்தால் அந்த நொதி அப்பாவுக்கு ஏறக்குறைய இல்லை, *1/*2 என்றால் குறைவு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-லேயே இதற்குப் பெரிய எச்சரிக்கை போட்டது. அறிக்கையில் இந்த மாத்திரை பற்றிய பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நாளைக்கே கோயம்புத்தூர் இதய டாக்டரைப் பாருங்கள். டிகாக்ரெலார், பிரசுக்ரெல் என்று மாற்று இருக்கிறது, ஆனால் ரத்தக்கசிவு கூடும், பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிரசுக்ரெல் ஆகாது, அதனால் முடிவு அவருடையது.

அப்புறம், கேஸ் என்று அப்பா மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறாரே, அந்த அட்டையின் பின்பக்கம் பாருங்கள். ஒமெப்ரசோல் என்றிருந்தால் அதுவும் இதே நொதியைத் தடுக்கும். பேன்டோப்ரசோலில் அந்தத் தொல்லை குறைவு, அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

'உடலின் வயது 71' என்கிற பக்கத்தை விடுங்க, அதை வைத்து எந்த மருந்தும் எழுத மாட்டார்கள். ஆனால் எச்சில் மாதிரியையும் தரவையும் அழிக்கச் சொல்லி லேபுக்கு மெயில் போடுங்கள். அமெரிக்க மரபணுப் பரிசோதனை கம்பெனியான 23அண்ட்மீயில் 2023-ல் சுமார் 69 லட்சம் பேர் விவரம் கசிந்தது, 2025 மார்ச்சில் கம்பெனியே திவால் மனு போட்டது. அழிப்பதற்கு முன்னால் பிடிஎஃபை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்பார்.