ஓநாய்க் கூட்டத்தை அவிழ்த்துவிடும் முன்

கேள்வி: மூன்று சாலைக் கேமராக்களின் வீடியோக்களில் இருந்து எடுத்த 6,000 படங்களை வைத்து கார், வேன், பஸ், லாரி, பைக் என வகைபிரிக்க ரெஸ்நெட்-50 என்ற, படங்களை அடையாளம் காணும் நியூரல் நெட்வொர்க் மாடலைப் பயிற்றுவித்தேன். டெஸ்டில் 96 சதவீதம் சரியாகச் சொல்கிறது. நான்காவது கேமரா ஒன்றின் படங்களைக் கொடுத்தால் 78க்கு இறங்கிவிடுகிறது. துகள் கூட்டம், சாம்பல் ஓநாய் போன்ற இயற்கை வழி அல்காரிதம்களால் ஹைப்பர்பாராமீட்டர்களை, அதாவது பயிற்சிக்கு முன் நாமே வைக்கும் அளவுகளைத் தேடினால் இது சரியாகுமா? எதை எடுப்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கோளாறு வேறு இடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது.

வீடியோவை ஃப்ரேம்களாக வெட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் குலுக்கித்தான் பயிற்சிக்கும் டெஸ்டுக்கும் பிரித்திருப்பீர்கள். சிக்னலில் நிற்கும் ஒரு லாரி அடுத்தடுத்து 20 ஃப்ரேம்களில் வரும். அதில் 16 பயிற்சிக்கும் 4 டெஸ்டுக்கும் போயிருந்தால், மாடல் லாரியை அடையாளம் காணவில்லை, அந்த ஒரு லாரியை நினைவு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே கேமரா வாரியாகப் பிரியுங்கள். இரண்டு கேமரா பயிற்சிக்கு, ஒன்று வேலிடேஷனுக்கு, அதாவது அமைப்புகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க. நான்காவதைக் கடைசி வரை தொடவே வேண்டாம். 96 சட்டென்று கீழே வரும். பதற வேண்டாம், அதுதான் உண்மையான எண்.

இதைச் செய்யாமல் தேடலில் இறங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். தேடும் அல்காரிதத்துக்கு வாகனமும் தெரியாது, சாலையும் தெரியாது. நீங்கள் கொடுக்கும் மதிப்பெண் மட்டுமே தெரியும். மனப்பாடத்துக்கு மதிப்பெண் கிடைத்தால், நன்றாக மனப்பாடம் செய்யும் அமைப்பையே (ஹைப்பர்பாராமீட்டர் மதிப்புகளின் ஒரு தொகுப்பையே) தேடிப் பிடித்துக்கொண்டு வரும். கார்கள்தான் அதிகம் என்றால் வெறும் துல்லியமும் ஏமாற்றும். ஒவ்வொரு வகைக்கும் எஃப்1 (தவறாகச் சேர்த்தவை, தவறவிட்டவை இரண்டையும் கணக்கில் எடுக்கும் மதிப்பெண்) கணக்கிட்டு, அதன் சராசரியை மதிப்பெண்ணாகக் கொடுங்கள்.

சரி, அடித்தளம் சீரான பிறகு எதை எடுப்பது? நான் துகள் கூட்டத்தையே எடுப்பேன். 1995இல் ஜேம்ஸ் கென்னடியும் ரஸ்ஸல் எபர்ஹார்ட்டும் முன்வைத்தது. ஒவ்வொரு துகளும் ஒரு முழு அமைப்பு. தான் இதுவரை கண்ட சிறந்த இடம், கூட்டம் கண்ட சிறந்த இடம் இரண்டும் அதைத் தம் பக்கம் இழுக்கும். 2014இல் வந்த சாம்பல் ஓநாய் முறையில் முதல் மூன்று ஓநாய்களைப் பார்த்து மற்றவை நகரும். அதன் மூல வடிவம் பூஜ்ஜியத்தை நோக்கிச் சாய்வது என்பது பின்னாளில் வெளிப்பட்ட குறை. விடை பூஜ்ஜியத்தில் இருக்கும் சோதனைக் கணக்குகளில் அது ஜொலித்ததற்கு அதுவும் ஒரு காரணம். வௌவால், திமிங்கிலம், மின்மினி என்று ஒரு மிருகக்காட்சி சாலையே இருக்கிறது. பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்.

தேட வேண்டியவை நான்கு போதும்: லேர்னிங் ரேட் (ஒவ்வொரு அடியிலும் மாடல் எவ்வளவு மாறுவது), வெயிட் டிகே (எடைகள் பெருக்காமல் பிடித்துவைப்பது), டிராப்அவுட் (பயிற்சியில் சில இணைப்புகளைத் தற்செயலாக அணைப்பது), மாடலின் எத்தனை அடுக்குகளை உறையவிடாமல் திறப்பது, அதாவது மீண்டும் கற்கவிடுவது. லேர்னிங் ரேட்டை 0.00001 முதல் 0.01 வரை மடக்கை அளவில், அதாவது பத்து பத்து மடங்காக ஏறும் படிகளில் தேடுங்கள். நேர் அளவில் விட்டால் பத்தில் ஒன்பது முயற்சிகள் 0.001க்கு மேலேயே போய் விழும்.

அப்புறம் செலவுக் கணக்கு. 10 துகள், 15 சுற்று என்றால் 150 பயிற்சி. ஒன்றுக்கு 20 நிமிடம் என்றாலே 50 மணி நேரம். அதே 150 முயற்சிகளைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தும் ஓட்டிப் பாருங்கள். நான்கே அளவுருக்கள் இருக்கும்போது குருட்டுத் தேடல் பெரும்பாலும் பக்கத்தில் வந்து நிற்கும். அப்படி நின்றால் கூட்டத்துக்கு வேலையே இல்லை. முன்னணியில் வரும் அமைப்புகளை வெவ்வேறு சீடுகளில் (தற்செயல் எண்களின் தொடக்க மதிப்புகளில்) மூன்று முறையாவது திரும்ப ஓட்டுங்கள். அரை சதவீத முன்னேற்றம் வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

இன்னொன்று, இது ஐந்து நிமிட வேலை. வெட்டியெடுத்த வாகனப் படத்தை 224க்கு 224 சதுரமாக அப்படியே நசுக்குகிறீர்களா? பக்கவாட்டில் நீளமாகத் தெரியும் பஸ் அப்போது குட்டையாகிப் போகும், வேன் போலவே. நீள அகல விகிதத்தை மாற்றாமல் சுருக்கி, மிச்ச இடத்தை ஒரே நிறத்தால் நிரப்புங்கள். பிறகு எதை எதுவாக மாடல் குழப்பிக்கொள்கிறது என்ற அட்டவணையில் பஸ்ஸும் வேனும் சந்திக்கும் கட்டத்தை முதலில் பாருங்கள்.