மதிலருகே நிற்பது யார்?

அன்புள்ள ஐயாவுக்கு,

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் கூடி, சிறு பொம்மைப் படைகளை மேஜை மேல் நகர்த்தும் மினியேச்சர் போர் விளையாட்டு ஆடுகிறோம். வெளிநாட்டுப் பெட்டிகளின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் எங்களில் ஒருவர், அதியமானின் தகடூர்க் கோட்டையைச் சேரன் முற்றுகையிட்ட கதையை வைத்துத் தமிழிலேயே ஒரு விளையாட்டை எழுதினார். பொம்மைகளை த்ரீடி பிரிண்டரில் எடுத்தோம். போன வாரம் ஒரு விதியால் தகராறு வந்துவிட்டது. விதி இதுதான்:

"மதிலுக்கு 3 அங்குலத்துக்குள் நிற்கும் வேல்வீரரும் வில்லாளரும் தாக்கப்படும்போது ஒருமுறை பகடையை மறுபடி உருட்டலாம்."

அதியமான் பக்கம் ஆடியவரின் வில்லாளர்கள் மதிலை விட்டுத் தள்ளி, வெட்டவெளி மேட்டில் நின்றார்கள். 3 அங்குலம் என்பது வேல்வீரருக்கு மட்டும்தான், வில்லாளர் எங்கே நின்றாலும் உருட்டலாம் என்றார் அவர். நான் சேரன் பக்கம். இருவருக்கும் சேர்த்துத்தான் அந்த 3 அங்குலம் என்றேன். 'ஒருமுறை' என்றால் ஆட்டத்துக்கு ஒருமுறையா, ஒவ்வொரு தாக்குதலுக்குமா என்றும் சண்டை. கூட இருந்தவர்கள் நான் சொன்னதை ஒப்புக்கொண்டதால் அப்படியே ஆடினோம், நான் ஜெயித்தேன். ஆட்டம் முடிந்த பிறகு, இப்போது ஓசூரில் வேலை பார்க்கும் எழுதியவருக்குப் போன் செய்தோம். "வில்லாளர் எங்கே நின்றாலும் என்று நினைத்துத்தான் எழுதினேன்" என்கிறார். என் வெற்றி செல்லுமா? எழுதியவர் சொல்வதுதானே விதி?

இன்னொன்று: யானை மதில் கதவை நெருங்கும்போது தூரத்தைத் துதிக்கையிலிருந்து அளப்பதா, பொம்மை நிற்கும் பேஸ் என்ற அடித்தட்டிலிருந்தா? விதித்தாளை முழுசாக இணைத்திருக்கிறேன்.

ச., கிருஷ்ணகிரி

அன்புள்ள ச.,

உங்கள் வெற்றி செல்லும். எழுதியவர் பின்னால் என்ன சொல்லியிருந்தாலும் செல்லும். உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்பது ஒன்று. அதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பது இன்னொன்று.

முதலில் வாக்கியம். 'நிற்கும்' என்ற பெயரெச்சம் வேல்வீரரோடு நின்றுவிடுகிறதா, வில்லாளர் வரைக்கும் போகிறதா? தமிழில் இரண்டுக்கும் இடம் உண்டு. "தர்மபுரியிலிருந்து வந்த மாமாவும் அத்தையும்" என்றால் இருவரும் தர்மபுரியிலிருந்து வந்ததாகத்தான் எடுத்துக்கொள்வோம். "கல்யாணமான அக்காவும் நானும்" என்றால் எனக்கும் கல்யாணம் ஆகிவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. ஆகவே அதியமான் பக்கம் ஆடியவர் இலக்கணப்படி தப்பாகப் படிக்கவில்லை. இதை அவரிடம் அவசியம் சொல்லுங்கள். அவர் ஏமாற்றப் பார்த்தார் என்ற எண்ணம் உங்கள் கூட்டத்தில் யாருக்கும் தங்கிவிடக் கூடாது.

ஒரு வாக்கியம் தானாகத் தெளியவில்லை என்றால் தாளின் மற்ற பக்கங்களைப் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய தாளில் காட்டைப் பற்றிய விதி இப்படி இருக்கிறது: "மரங்களுக்கிடையே நிற்கும் குதிரைவீரரும் யானைகளும் பாதி தூரமே நகரலாம்." அதே வாக்கிய அமைப்பு. வெட்டவெளியில் நிற்கும் யானையும் பாதி தூரம்தான் நகரும் என்று உங்களில் யாரும் ஆடியிருக்க மாட்டீர்கள். ஒரே ஆள் ஒரே தாளில் ஒரே அமைப்பை இரண்டு இடத்தில் எழுதினால், வேறு காரணம் தெரியாதவரை இரண்டையும் ஒரே மாதிரிதான் படிக்க வேண்டும்.

அப்புறம் தலைப்பு. தகராறுக்குரிய விதி 'மறைப்பு' என்ற தலைப்பின் கீழ் வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் பாறை, மரம், வேலி என்று வீரனை அம்பிலிருந்து காக்கும் பொருள்களைப் பற்றியே பேச்சு. மொட்டை மேட்டில் நிற்கும் வில்லாளனுக்கு எது மறைப்பு? தொல்காப்பியம் மரபியலில் சொல்லும் 32 உத்திகளில் 'அதிகார முறை' என்று ஒன்று உண்டு. ஒரு சூத்திரத்தை அது நிற்கும் அதிகாரத்தோடு சேர்த்துப் பார்ப்பது. இலக்கணத்துக்குச் சொன்னதுதான், ஆனால் உங்கள் தாளுக்கும் அப்படியே பொருந்துகிறது.

'ஒருமுறை' பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. முரசு விதியில் விதித்தாளை எழுதியவர் "ஆட்டம் முழுவதிலும் ஒருமுறை" என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அப்படி எழுதத் தெரிந்தவர் இங்கே அதை எழுதவில்லை. 'தாக்கப்படும்போது ஒருமுறை' என்றால் தாக்கப்படும் ஒவ்வொரு தடவையும் ஒருமுறை. இதில் அதியமான் பக்கம் ஆடியவருக்குத்தான் லாபம், பரவாயில்லை.

சரி, எழுதியவரே வேறு மாதிரி நினைத்திருக்கிறாரே? இங்கேதான் நான் உங்களோடு மாறுபடுகிறேன். அவர் மனத்தில் இருந்தது ஓசூரில் இருந்தது. கிருஷ்ணகிரியில் மேஜை மேல் இருந்தது தாள். நீங்கள் இருவரும் அந்தத் தாளை நம்பித்தான் படையை நிறுத்தினீர்கள். எங்கே குதிரையை விடுவது, எந்தப் பக்கம் ஏணியைக் கொண்டுபோவது என்று எல்லாம் அதைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டீர்கள். ஆடி முடித்த பிறகு, யாருமே படித்திருக்க முடியாத ஒரு நினைப்பைக் கொண்டு வந்து முடிவை மாற்றுவது நியாயமில்லை. அவருடைய விளக்கம் அடுத்த ஆட்டத்திலிருந்து செல்லட்டும். அதுவும் அவர் அதைத் தாளில் எழுதின பிறகு.

நம் உரையாசிரியர்களைப் பாருங்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர் சொன்ன பொருளைப் பல இடங்களில் சேனாவரையர் மறுக்கிறார். தொல்காப்பியரைக் கேட்க இருவருக்கும் வழியில்லை. நூலின் சொல், முன்பின் சூத்திரங்கள், வழக்கு இவற்றை வைத்தே வாதாடினார்கள். எழுதியவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு படிப்பது நல்ல பழக்கம். அப்படிப் படித்தால்தான் தாள் எவ்வளவு தாங்கும் என்பது தெரியும்.

மினியேச்சர் விளையாட்டு உலகத்துக்கும் இது பழைய பிரச்சினைதான். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் வார்ஹாமர் 40,000 என்ற விளையாட்டு முதலில் வந்தது 1987-இல். எழுதியபடி ஆடுவதா, எழுதியவர் நினைத்தபடி ஆடுவதா என்று அதை ஆடுபவர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். நிறுவனம் திருத்தங்களையும் கேள்வி பதில்களையும் வெளியிட்டபடி இருக்கிறது. இப்போதைய விதிகளில் ஒரு தூரத்துக்கு 'உள்ளே' என்றால் பேஸின் ஒரு பகுதி உள்ளே இருந்தாலே போதும். 'முழுவதும் உள்ளே' என்றால் பேஸ் மொத்தமும் உள்ளே இருக்க வேண்டும். உங்கள் தாளில் இந்தப் பிரிவு இல்லை, சேர்க்கச் சொல்லுங்கள். பழைய பதிப்புகளில் இருந்த ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒத்துவரவில்லை என்றால் பகடையை உருட்டு, 1 முதல் 3 வரை விழுந்தால் ஒருவர் சொன்னபடி, 4 முதல் 6 வரை விழுந்தால் மற்றவர் சொன்னபடி ஆடு, மீதிப் பேச்சை ஆட்டம் முடிந்து வைத்துக்கொள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் இதைச் செய்திருக்கலாம். கூட இருந்தவர்களின் தீர்ப்பைவிட அது நல்லது, தோற்றவருக்கு மனக்கசப்பு இருக்காது.

நடுவர் ஒருவரை வைத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட 'கிரீக்ஸ்பீல்' என்ற போர் விளையாட்டு நடுவரை வைத்தே நடந்தது. 1876-இல் இன்னொரு பிரஷ்ய அதிகாரி வெர்டி டு வெர்னுவா ஒருபடி மேலே போய், விரிவான விதிகளையும் பட்டியல்களையும் குறைத்து, போர் அனுபவமுள்ள நடுவரின் மதிப்பீட்டுக்கே முடிவை விட்டுவிடலாம் என்றார். அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் இடத்தில் அது சரி, நடுவரின் சொல்லுக்கு அங்கே எடை இருந்தது. நண்பர்களுக்குள் யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை. அந்த எடையைத் தாள்தான் சுமக்க வேண்டும்.

தாளுக்கு முதலிடம் என்றேன், அதற்காகச் சொல்லை முறுக்கலாம் என்று பொருள் இல்லை. செத்த வீரன் நகரக் கூடாது என்று உங்கள் தாளில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதைக் காட்டி யாராவது செத்தவனை நகர்த்தினால் எழுந்து போய்விடுங்கள். ஒரு பொருளை முன்வைக்கிறவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாலும் அதையே சொல்வாரா என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன். அன்று நீங்கள் அதியமான் பக்கம் இருந்து, அந்த வில்லாளர் உங்களுடையவராக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? சந்தேகமான விதிகளை ஆட உட்காரும் முன்பே பேசி வைத்துக்கொண்டால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை. ஆடுபுலி ஆட்டத்துக்கு 3 புலி, 15 ஆடு, தாள் எதுவும் கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் முதல் ஆட்டை வைக்கும் முன்பே எந்த ஊர் முறை என்று கேட்டுக்கொள்வார்கள்.

குற்றம் யாருடையது என்றால், வாக்கியத்துடையது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'மயங்க வைத்தல்' ஒன்று. எழுதியவர் தாம் நினைத்ததைத்தான் விதியாக்கப் போகிறார் என்றால் அதை இரண்டாக உடைக்கச் சொல்லுங்கள்: "வில்லாளர் தாக்கப்படும் ஒவ்வொரு தடவையும் ஒருமுறை பகடையை மறுபடி உருட்டலாம். வேல்வீரருக்கு இந்த உரிமை மதிலுக்கு 3 அங்குலத்துக்குள் நிற்கும்போது மட்டும்." முதல் வாக்கியத்தை மறைப்புத் தலைப்பிலிருந்து எடுத்து வில்லாளர் பக்கத்துக்கு மாற்றிவிடட்டும்.

ஆனால் அவர் மனசை மாற்றிக்கொண்டால் எனக்குச் சந்தோஷம். இன்றைய தர்மபுரிதான் அன்றைய தகடூர், அதியமானின் கோட்டை. பெருஞ்சேரல் இரும்பொறை அதை வென்றதனாலேயே 'தகடூர் எறிந்த' என்ற அடைமொழி பெற்றான். அரிசில்கிழார் அவனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடினார். அந்த முற்றுகையை ஆடும்போது மதிலுக்குள் இருப்பவனுக்கும் வெளியே நிற்பவனுக்கும் வித்தியாசம் இருக்க வேண்டும். வில்லாளர் எங்கே நின்றாலும் ஒரே காப்பு என்றால் அதியமான் மதிலைக் காக்க வேண்டிய அவசியமே குறைந்துவிடுகிறது. தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு இதை நான் சொல்லாமல் விட முடியாது.

யானையின் தூரத்தைப் பேஸின் ஓரத்திலிருந்தே அளந்துகொள்ளுங்கள். துதிக்கையை நீட்டிய யானையும் மடக்கிய யானையும் ஒரே தூரம் எட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் யாராவது முழ நீளத் துதிக்கையோடு ஒரு யானையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவார்கள். பேஸின் அளவையும் தாளில் மில்லிமீட்டரில் குறித்துவிடுங்கள்.

அன்புடன்,
தர்மபுரி