கையில் வாட்ச், பையில் போன்: துணை ஆப் எழுதுபவர்களுக்கான கேள்வி பதில்

டைட்டன் ஆலை வந்த காலத்திலிருந்தே வாட்சுக்குப் பெயர்போன ஊர் ஓசூர். அங்கே பிறந்த நான், எட்டு வருடமாக ஸ்மார்ட் வாட்சுக்குத் துணையாகப் போனில் ஓடும் ஆப், அதாவது துணை ஆப், எழுதிக்கொண்டிருக்கிறேன். தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ் பயணம். போன ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் ஒரு தோழி வீட்டு மாடியில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசினோம். கேள்விகள் தீரவில்லை, மாலை தீர்ந்துவிட்டது. அங்கே கேட்டதும் அப்புறம் எழுதி அனுப்பியதும் சேர்ந்து இங்கே. பெயர்களை விட்டுவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

ஊத்தங்கரை, கல்லூரி மாணவி: அக்கா, வாட்சிலேயே எல்லாவற்றையும் செய்துவிட்டால் போனில் தனியாக ஆப் எதற்கு?

வாட்சுக்குள் இடம் கிடையாதும்மா. பைன்டைம் என்று திறந்த மூல (நிரலை யாரும் படித்து மாற்றக்கூடிய) வாட்ச் ஒன்று இருக்கிறது. அதன் ரேம் 64 கிலோபைட். உன் போனில் இருக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது. அதனால் நேரத்தைச் சரிசெய்வது, நோட்டிஃபிகேஷனைத் தள்ளிவிடுவது, நடை, தூக்கக் கணக்கை வாங்கிச் சேமிப்பது, வாட்சின் மென்பொருளைப் புதுப்பிப்பது எல்லாம் போன் தலையில் விழுகிறது.

கல்லூரி புராஜெக்ட்டில் இதெல்லாம் ஒரே வாரத்தில் ஓடிவிடும். மேஜையில் போன், பக்கத்திலேயே வாட்ச், பிறகென்ன? கஷ்டம் அதற்கு அப்புறம்தான். அறுந்து அறுந்து போகும் ஒரு இணைப்பை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவதுதான் துணை ஆப்பின் வேலை. இணைப்பு இருப்பதை இயல்பு என்றும் அறுவதைப் பிழை என்றும் நினைத்து எழுதிய ஆப் வெளியே போன அன்றே திணறும். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

போச்சம்பள்ளி, மாந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர்: ஏம்மா, போனை மோட்டார் ரூமில் சார்ஜ் போட்டுவிட்டு நாள் முழுக்கத் தோப்பில் சுற்றுகிறேன். ராத்திரி பார்த்தால் ஆப்பில் காலை நடை மட்டும்தான் இருக்கிறது. மீதி எங்கே போச்சு? என் பேரன் எழுதிய ஆப் அது.

ஐயா, உங்கள் பேரன் செய்த தப்பை நானும் செய்திருக்கிறேன். அந்த ஆப் வாட்சிடம் "இப்போது எத்தனை அடி?" என்று மட்டும் கேட்கிறது. இணைப்பு இருக்கும்போது பதில் வரும், இல்லாதபோது அந்த நேரமே கணக்கில் இல்லாமல் போகும்.

பேரனுக்குச் சொல்கிறேன். தம்பி, கணக்கை எழுதுவது வாட்சின் வேலை, வந்து வாங்கிப்போவது போனின் வேலை என்று பிரித்துக்கொள். நிமிடத்துக்கு ஒரு பதிவு: நேரத்துக்கு 4 பைட், அடிகளுக்கு 2, இதயத் துடிப்புக்கு 1, சரிபார்க்க 1. மொத்தம் 8 பைட். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம், ஆக 11,520 பைட். ஒரு வாரம் போனையே பார்க்காவிட்டாலும் 80,640 பைட்தான். பைன்டைமில் தரவைச் சேமிக்கும் வெளி ஃபிளாஷ் மட்டும் 4 மெகாபைட் என்பதால் இதெல்லாம் ஒரு மூலைக்குக் காணாது.

இணைப்பு கிடைத்ததும் போன் "கடைசியாக எனக்கு வந்தது இந்தப் பதிவு, அதற்கு மேல் கொடு" என்று கேட்க வேண்டும். வாட்ச் அனுப்பும். போன் அதைத் தன் தரவுத்தளத்தில் எழுதி முடித்துவிட்டு "வாங்கிவிட்டேன்" என்று சொன்ன பிறகே வாட்ச் அழிக்கலாம். எங்கள் முதல் பதிப்பில் அனுப்பியவுடனே அழித்தோம். ஆப் பாதியில் நின்றால் அந்தப் பதிவுகள் இரண்டு பக்கமும் இருக்காது. ஒருவருடைய மூன்று நாள் தூக்கக் கணக்கு அப்படிக் காணாமல் போன பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. ஒரே பதிவு இரண்டு முறை வந்தால் பரவாயில்லை. நேரத்தையே சாவியாக வைத்தால் பழையதன் மேலேயே எழுதிக்கொள்ளும்.

தர்மபுரி, இறுதியாண்டு மாணவர்: அக்கா, இஎஸ்பி32 என்ற சிறு மின்னணுப் பலகையில் நானே ஒரு வாட்ச் செய்தேன். போனிலிருந்து 'Dharmapuri' என்பதைத் தமிழில் 'தர்மபுரி' என்று அனுப்பினால் 'தர்மபு' வரை வருகிறது, அப்புறம் ஒரு கட்டம். ஆங்கிலத்தில் அனுப்பினால் ஒழுங்காக வருகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்காகவே உனக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும். எழுத்தைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று. 'தர்மபுரி'யைப் பிரித்துப் பார்: த, ர, புள்ளி, ம, ப, உகரக் குறி, ர, இகரக் குறி. எட்டுக் குறியீடு, 24 பைட்.

வாட்ச் பேசுவது புளூடூத் லோ எனர்ஜி என்ற, மின்சாரம் குறைவாகத் தின்னும் புளூடூத்தில். அதில் ஒரு பொட்டலத்தின், அதாவது ஒரு தடவையில் போகும் தரவுக் கட்டின், இயல்பான அளவு 23 பைட். தலைப்புக்கு 3 போனால் உனக்கு மிஞ்சுவது 20. ஆறு குறியீட்டுக்கு 18 பைட், அதாவது 'தர்மபு'. மீதி இரண்டு பைட்டில் ரகரத்தின் மூன்றில் இரண்டு பங்கு உட்கார்ந்திருக்கிறது. அரைகுறை எழுத்தை வாட்ச் கட்டமாகக் காட்டுகிறது. கிருஷ்ணகிரிக்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் ஊருக்கு 33 பைட்.

தீர்வு இரண்டு படி. முதலில் எம்டியூ என்ற பொட்டல அளவைக் கூட்டச் சொல்லிக் கேள். ஆண்ட்ராய்டில் 517 வரை கேட்கலாம். ஐபோன் தானே பேசி முடிவுசெய்யும், பெரும்பாலும் 185 கிடைக்கும். கேட்டது கிடைக்கும் என்று நம்பாதே, வாட்ச் ஒத்துக்கொண்ட அளவைப் பார்த்து வெட்டு. இரண்டாவது, நீளமான செய்தியைத் துண்டுகளாக அனுப்பி, கடைசித் துண்டு வந்த பிறகே வாட்ச் அதை எழுத்தாக மாற்றட்டும். செய்தியைச் சுருக்க வேண்டுமென்றாலும் பைட் கணக்கில் வெட்டாமல் எழுத்துக் கணக்கில் வெட்டு. இல்லாவிட்டால் 'ரி' பாதியில் 'ர' ஆகிவிடும். ஆண்ட்ராய்டில் பிரேக் இட்டரேட்டர் என்ற வகுப்பு இதற்காகவே இருக்கிறது.

இதோடு முடியவில்லை. 'கொ' என்பது கணினிக்கு க, அதன் பின் ஒகரக் குறி என்று இரண்டு. திரையில் அந்தக் குறி ககரத்தின் முன்னாலும் பின்னாலும் பிரிந்து நிற்க வேண்டும். குறியீட்டுக்கு ஒரு படம் என்று இடமிருந்து வலமாக ஒட்டிக்கொண்டு போகும் சின்ன வாட்சுக்கு இந்த வித்தை தெரியாது. நான் செய்வது, எழுத்தைப் போனிலேயே வரைந்து, படமாக்கி அனுப்புவது. 240-க்கு 240 புள்ளித் திரை முழுவதற்கும் கறுப்பு வெள்ளையில் 7,200 பைட். 20 பைட்டாக அனுப்பினால் 360 பொட்டலம், 182 ஆக அனுப்பினால் 40. எம்டியூவை ஏன் முதலில் சொன்னேன் என்று புரிகிறதா?

ஓசூர், ஐடி வேலை பார்ப்பவர்: திரை அணைந்த பத்து நிமிடத்தில் என் ஆப்பைப் போன் கொன்றுவிடுகிறது. கூகுள் போனில் சரியாக ஓடுகிறது, வேறு சில போன்களில் மட்டும் இப்படி.

பேட்டரி நீடிக்க வேண்டும் என்று சில தயாரிப்பாளர்கள் ஆண்ட்ராய்டின் விதிகளுக்கு மேல் தங்கள் விதிகளையும் போடுகிறார்கள். அதோடு சண்டை போட்டு நான் ஜெயித்ததில்லை. ஆனால் பாதியையாவது குறைக்கலாம்.

வெறும் ஸ்கேன் செய்து வாட்சைக் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு, ஆண்ட்ராய்டு 8-இலிருந்து இருக்கும் கம்பேனியன் டிவைஸ் மேனேஜர் வழியாக ஜோடி சேருங்கள். இந்த ஆப்புக்கு இந்த வாட்ச் சொந்தம் என்று சிஸ்டமே குறித்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து வாட்ச் பக்கத்தில் வந்தால் சிஸ்டமே உங்கள் ஆப்பை எழுப்பிவிடவும் வழி உண்டு. தொடர்ந்து இணைப்பில் இருக்க வேண்டுமென்றால் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ், அதாவது பயனருக்குத் தெரியும்படி ஓடிக்கொண்டே இருக்கும் சேவை, வேண்டும். ஆண்ட்ராய்டு 14-ஐக் குறிவைத்தால் அதன் வகை 'கனெக்டட் டிவைஸ்' என்று ஆப்பின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் எழுதியிருக்க வேண்டும். மறுபடி இணைவதற்கு ஆட்டோ கனெக்டை ஆன் செய்து வையுங்கள். நேரடி இணைப்பு அரை நிமிடம் போல முயன்று கைவிட்டுவிடும், ஆட்டோ கனெக்ட் வாட்ச் கண்ணில் படும்வரை காத்திருக்கும்.

அவசரப்பட்டு ஸ்கேனை நிறுத்தி நிறுத்தித் தொடங்காதீர்கள். ஆண்ட்ராய்டு 7-இலிருந்து 30 நொடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்கினால் சிஸ்டம் சத்தமில்லாமல் முடிவுகளை நிறுத்திவிடும். பிழைச் செய்திகூட உங்கள் ஆப்புக்கு வராமல் போகலாம். நான் ஒரு முழு நாளை இதில் தொலைத்தேன். கடைசியில் பயனர் பேட்டரி செட்டிங்ஸில் கட்டுப்பாட்டை எடுக்க வேண்டிய போன்களும் உண்டு. அதை ஆப்புக்குள்ளேயே படம் போட்டுக் காட்டுங்கள்.

கிருஷ்ணகிரி, செல்போன் கடை: மேடம், கஸ்டமர் எல்லோரும் வாட்சில் ஓடிபி வரவில்லை என்கிறார்கள். மற்ற மெசேஜ் வருகிறது.

ஆண்ட்ராய்டு 15 போனா என்று பாருங்கள். நோட்டிஃபிகேஷனைப் படிக்கும் ஆப்களிடமிருந்து ஓடிபியை மறைக்கும் வழக்கம் அதில் வந்தது. மேலே சொன்ன கம்பேனியன் டிவைஸ் மேனேஜரில் பதிவான ஆப்களுக்கு விலக்கு உண்டு. பழைய முறையில் ஜோடி சேர்க்கும் ஆப்புக்குக் கிடையாது. எனக்கு அந்த விதி பிடித்திருக்கிறது. ஓடிபியைப் படித்துக் காசு அடிக்கிறவர்கள் இருக்கும்வரை அது வேண்டும்.

இன்னொன்று: வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோர் இல்லாமல் ஆப்பை நிறுவும் கோப்பு) நிறுவினால் ஆண்ட்ராய்டு 13-இலிருந்து நோட்டிஃபிகேஷன் அனுமதி சாம்பல் நிறத்தில் பூட்டிக்கிடக்கும். ஆப் தகவல் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட்டு, கட்டுப்படுத்தப்பட்ட செட்டிங்ஸை அனுமதித்தால்தான் திறக்கும். புராஜெக்ட் டெமோ நாளில் இதில் மாட்டாத மாணவர் குறைவு.

காரிமங்கலம், மாணவர்: ஐபோனிலும் இதே மாதிரி நோட்டிஃபிகேஷனைப் படித்து அனுப்பலாமா?

முடியாது தம்பி. அங்கே வேறு ஆப்பின் நோட்டிஃபிகேஷனை உன் ஆப் தொடவே முடியாது. பதிலாக ஐஓஎஸ் 7 காலத்திலிருந்து ஏஎன்சிஎஸ் என்ற சேவை இருக்கிறது. வாட்ச் ஐபோனோடு ஜோடி சேர்ந்த பின் நேராக அதனிடமே வாங்கிக்கொள்ளும். அதாவது வேலை ஆப்பிலிருந்து வாட்சின் மென்பொருளுக்குப் போய்விடுகிறது.

அஞ்செட்டி, ஆசிரியர்: எங்கள் மலையில் பல இடத்தில் டவரே கிடையாது. அங்கே வாட்ச் போனோடு பேசுமா?

பேசும் சார். புளூடூத்துக்கும் டவருக்கும் சம்பந்தமே இல்லை. வானிலை மாதிரி இணையத்திலிருந்து வருவது மட்டும் நின்றுபோகும். ஆனால் மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தின்றுவிடும். வலது கையில் வாட்ச், இடது பின்பாக்கெட்டில் போன் என்றால், டவர் நிறைய உள்ள ஓசூரிலும் இணைப்பு அறலாம்.

பெண்ணாகரம், மாணவி: ஆன்லைனில் வாங்கிய வாட்சில் இதயத் துடிப்பைப் படிக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

புளூடூத் கருவிகளைச் சோதிக்கும் என்ஆர்எஃப் கனெக்ட் ஆப்பைப் போட்டு வாட்சோடு இணைத்துப் பார். 180டி என்ற சேவை தெரிந்தால் உனக்கு அதிர்ஷ்டம், அது எல்லோருக்கும் பொதுவான இதயத் துடிப்புச் சேவை. அதற்குள் துடிப்பின் அளவு வரும் 2ஏ37-ஐத் தொட்டு அறிவிப்பை ஆன் செய். 00 48 என்று வந்தால் முதல் பைட் வடிவத்தைச் சொல்கிறது, இரண்டாவது துடிப்பு. பதினாறடிமான எண் என்பதால் நாலு பதினாறு 64, அதோடு 8, நிமிடத்துக்கு 72. பேட்டரிக்கு 180எஃப் சேவை, அதற்குள் 2ஏ19.

இந்த எண்கள் இல்லையென்றால் தயாரிப்பாளர் சொந்தமாக ஒரு பாஷை வைத்திருக்கிறார். கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற திறந்த மூல ஆண்ட்ராய்டு ஆப், இப்படிப் பல வாட்சுகளின் பாஷையைப் பிரித்து எழுதி வைத்திருக்கிறது. அதன் நிரலைப் படித்தால் இரண்டு செமஸ்டர் பாடம் கிடைக்கும்.

பாலக்கோடு, செவிலியர்: பாட்டிக்கு மயக்கம் வந்தால் எச்சரிக்கும்படி இந்தத் துடிப்பை வைத்து ஆப் செய்து தருவீர்களா?

மாட்டேன் அக்கா. பச்சை விளக்கைத் தோலில் அடித்துப் பார்க்கும் அளவு அது, கை ஆடினாலே குழம்பும். எச்சரிக்கை வரவில்லை என்பதால் பாட்டி நலம் என்று யாராவது நினைத்துவிட்டால் அந்தப் பழியை நான் சுமக்க முடியாது.

அரூர், மாணவர்: வாட்ச் சரியாக அரை மணி நேரம் பிந்திக் காட்டுகிறது. எப்படி?

நம் நாடு 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பதை, யாரோ முழு மணியாக மட்டும் எழுதும் இடத்தில் 5 என்று போட்டிருக்கிறார்கள். புளூடூத்தின் சொந்த நேர விவரத்தில் இந்த வித்தியாசம் கால் மணிக் கணக்கில் எழுதப்படும். நமக்கு 22, நேபாளத்துக்கு 23. அதையே பின்பற்று. படிகக் கடிகாரமும் நாளுக்கு ஒன்றிரண்டு நொடி நழுவும், அதனால் இணையும்போதெல்லாம் நேரத்தை அனுப்பிவிடு.

கிருஷ்ணகிரி, இரண்டு மாணவர்கள்: கோட்லினா ஃப்ளட்டரா? பிளே ஸ்டோரில் போட என்ன செலவு?

ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மொழி கோட்லின், ஒரே நிரலில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் எழுதும் கருவி ஃப்ளட்டர். ஆண்ட்ராய்டு மட்டும் என்றால் கோட்லின். ஃப்ளட்டரில் திரைகள் சீக்கிரம் வரும். ஆனால் பின்னணி வேலைக்குக் கடைசியில் கோட்லினுக்குத்தான் வந்து நிற்பீர்கள்.

பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒரே முறை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடத்துக்கு 99. புதிய தனிநபர் கணக்கென்றால் பிளே ஸ்டோரில் வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். சித்தப்பா பிள்ளைகளைச் சேர்த்தாவது 12 பிடித்துவிடலாம், பத்தாம் நாளில் இரண்டு பேர் ஆப்பை அழித்துவிட்டு நழுவுவார்கள். எதற்கும் பதினைந்து பேராகச் சேருங்கள். போச்சம்பள்ளிப் பெரியவரை நான் சொன்னேன் என்று கேட்டுப் பாருங்கள், போனை மோட்டார் ரூமில் விட்டுவிட்டுப் போகும் சோதனையாளர் காசு கொடுத்தாலும் கிடைக்கமாட்டார்.