வெள்ளெழுத்துக்குக் கருவிழியில் இம்பிளான்ட் வைக்கலாமா?

வயது 46, செல்போனைக் கைநீட்டிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது, கருவிழிக்குள் (கண்ணின் முன்புறம் மூடியிருக்கும் கார்னியா படலத்துக்குள்) இம்பிளான்ட் வைத்தால் கண்ணாடியை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். காம்ரா என்ற இம்பிளான்டை அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ 2015-ல் அனுமதித்தது. 3.8 மி.மீ. அகலமுள்ள கறுப்பு வட்டு, நடுவில் 1.6 மி.மீ. துளை. அட்டையில் ஊசியால் குத்திய ஓட்டை வழியாகப் பார்த்தால் பொடி எழுத்தும் தெளிவாகுமே, அதே வித்தைதான். ஒரு கண்ணில் மட்டும் வைப்பதற்கானது அது. தூரத்துக்கு மற்றக் கண் இருக்கிறது. வட்டு முழுக்க ஆயிரக்கணக்கில் நுண்துளைகள் உண்டு. கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது, சத்து ஊறித்தான் வரவேண்டும், அதை மறிக்கக் கூடாது என்பதற்காக.

அப்புறம் 2016-ல் ரெயின்டிராப் என்ற 2 மி.மீ. ஜெல் வில்லை வந்தது. வைத்துக்கொண்ட பலருக்குக் கருவிழியில் மங்கல் படிந்ததால் 2018-ல் எஃப்டிஏ எச்சரித்தது. அது திரும்பப் பெறப்பட்டது.

கருவிழி கூம்பிப்போனவர்களுக்கு வைக்கும் இன்டாக்ஸ் என்ற வில் வடிவப் பிளாஸ்டிக் துண்டுகள் வேறு விஷயம். அவர்களுக்குக் கண்ணாடியே சரியாக உதவாது, அதனால் அறுவைக்கு அர்த்தம் உண்டு. வெறும் வெள்ளெழுத்துக்கு நான் ரீடிங் கிளாஸைத்தான் சொல்வேன். அதைக் கழற்றி மேசையில் வைத்துவிடலாம்.