கிளிப் போட்ட பல் ஆடுகிறது, ஜீனும் மாறுகிறதா?

கேள்வி: எனக்கு வயது 28. ஐந்து மாதமாகப் பல்லுக்கு கிளிப் போட்டிருக்கிறேன். முன்பற்கள் இரண்டும் நாக்கால் தள்ளினாலே லேசாக ஆடுகின்றன. ஒவ்வொரு முறையும் டைட் செய்துவிட்டு வந்ததும் மூன்று நான்கு நாள் காம்பிஃப்ளாம் வலி மாத்திரை போடுகிறேன். இதற்கிடையில் தம்பி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் சுருக்கத்தை அனுப்பினான். பல்லை அழுத்தினால் அதைச் சுற்றியுள்ள செல்களில் ஏகப்பட்ட ஜீன்கள் மாறுகின்றன என்று அதில் இருக்கிறது. அடுத்த வருடம் குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கிறோம். இது குழந்தையைப் பாதிக்குமா? சீக்கிரம் முடிய இன்னும் இறுக்கச் சொல்லலாமா?

பதில்: குழந்தையைப் பாதிக்காது. இன்னும் இறுக்கச் சொல்லவும் வேண்டாம். மாற்ற வேண்டியது ஒன்றுதான், அந்த மாத்திரை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நம் உடம்பில் கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான், ஆனால் கண்ணில் ஒரு பகுதி வேலை செய்கிறது, கல்லீரலில் வேறொரு பகுதி வேலை செய்கிறது. எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்பது நேரத்துக்கு நேரம் ஏறும், இறங்கும். நன்றாக ஓடிவிட்டு வந்தால் உங்கள் தொடைத் தசையிலும் இதே மாதிரி ஏராளமான ஜீன்கள் கூடியும் குறைந்தும் இருக்கும், அதற்காக யாரும் பயப்படுவதில்லை. தம்பி அனுப்பியதில் அளந்திருப்பது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். டிஎன்ஏவின் எழுத்து அப்படியே இருக்கிறது. குழந்தைக்குப் போவது கருமுட்டையில் உள்ள டிஎன்ஏ, அந்த முட்டைகளோ நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோதே உருவாகிவிட்டவை. பல்லோரம் ஒரு செல்லில் நடப்பது அங்கே போய்ச் சேர வழியே இல்லை.

அந்தச் சோதனைகளை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். கிளிப்புக்கு இடம் வேண்டி எடுத்த கடைவாய் முன்பல்லையோ ஞானப்பல்லையோ வாங்கி, வேரின் நடுப்பகுதியைச் சுரண்டி, அதில் கிடைக்கும் செல்களைத் தட்டில் வளர்ப்பார்கள். பிறகு மேலே ஒரு கண்ணாடியை வைத்து எடை ஏற்றுவார்கள், பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிராம், ஒரு நாள் முழுக்க. அப்புறம் அந்தச் செல்களின் ஆர்என்ஏவை, அதாவது வேலை செய்யும் ஜீனிலிருந்து எடுக்கப்படும் நகலை, எடுத்து, எந்த ஜீன் கூடியது, எது குறைந்தது என்று பார்ப்பார்கள். ரத்தம் இல்லை, எலும்பு இல்லை, வெறும் தட்டு. உபயோகமான ஆராய்ச்சிதான், ஆனால் அதை அப்படியே உங்கள் வாய்க்குள் நடப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, பல் ஏன் ஆடுகிறது? பல் வேர் தாடை எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது, பெரியோடான்டல் லிகமென்ட் என்பது அதன் பெயர். கயிற்றுக் கட்டிலில் ஆள் படுத்திருப்பது போல, பல் அந்தக் கொலாஜன் நார்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கம்பி ஒரு பக்கம் தள்ளும்போது அழுத்தம் விழும் பக்கத்துச் செல்களில் காக்ஸ்-2, ராங்க்-எல் ஆகிய ஜீன்கள் அதிகமாக வேலை செய்யும். காக்ஸ்-2 இருந்தால் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கூடும், அது ராங்க்-எல்லை இன்னும் ஏற்றும், ராங்க்-எல் கிடைத்தால்தான் எலும்பைக் கரைக்கும் செல்கள் உருவாகும். எலும்பு கரைந்த இடத்துக்குப் பல் நகர்கிறது. இழுபடும் மறுபக்கத்தில் ராங்க்-எல்லைத் தடுக்கும் ஓபிஜி, எலும்பு கட்டும் ரங்க்ஸ்-2, கொலாஜன் ஜீன்கள் எல்லாம் கூடி, புது எலும்பு வளரும். கரைவது சீக்கிரம் நடக்கும், வளர்வது மெதுவாகத்தான். இடையில் படலம் அகன்றிருக்கும், அதனால் பல் லேசாக ஆடும். தம்பி பயமுறுத்திய அந்த ஜீன் மாற்றம் நடக்கவில்லை என்றால் உங்கள் பல் ஒரு நூல்கூட நகராது.

இன்னும் இறுக்கினால் வேகமாகும் என்று பலர் நினைக்கிறார்கள், நடப்பது நேர் எதிர். அழுத்தம் அதிகமானால் படலத்தின் ரத்தக்குழாய்கள் நசுங்கி அங்கிருக்கும் செல்கள் செத்துவிடும். செத்த செல் எந்த ஜீனையும் வேலை செய்ய வைக்காது. அந்த இடத்தை உடம்பு பின்பக்கமாகக் கரைத்துச் சுத்தம் செய்யும்வரை பல் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும், கூடவே வேர் நுனி குட்டையாகும் ஆபத்தும் உண்டு. மாதத்துக்கு 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம். வேகமாக்கும் என்று விற்கிற அதிர்வுக் கருவிகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள், அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

இப்போது மாத்திரை. காம்பிஃப்ளாமில் இப்யூபுரூஃபென் இருக்கிறது, அது தடுப்பதே காக்ஸைத்தான். அதாவது கம்பி ஒரு வேலையைத் தொடங்கி வைக்க, மாத்திரை அதைப் பிடித்து இழுக்கிறது. ஒன்றிரண்டு மாத்திரையால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் ஒவ்வொரு முறையும் நாலு நாள் என்பது அதிகம். வலி பொதுவாக டைட் செய்த மறுநாள் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். கல்லீரல் பிரச்சினை, ஒவ்வாமை எதுவும் இல்லையென்றால் பாராசிட்டமால் மட்டும் போட்டு, ரசம் சாதம், இட்லி என்று மென்மையாகச் சாப்பிட்டுச் சமாளியுங்கள். கர்ப்பமான பிறகு இப்யூபுரூஃபெனை நீங்களாகப் போடவே கூடாது, குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். உங்கள் குழந்தையை நினைத்துக் கவலைப்பட வேண்டிய விஷயம் இதுதான், ஜீன் இல்லை.

லேசான ஆட்டத்தைவிட நான் கேட்க விரும்புவது, ஈறில் ரத்தம் வருகிறதா? ஈறு நோய்க் கிருமிகளும் இதே ராங்க்-எல்லைத்தான் ஏற்றிவிடும். அதன் மேல் கம்பியின் அழுத்தமும் சேர்ந்தால் எலும்பு தேவைக்கு மேல் கரைந்துவிடும், அதுவும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இன்னும் மோசம். சீழ், கம்பி மாட்டாத பல்லும் ஆடுவது, பல் நிறம் கறுப்பது, கடிக்கும்போது ஒரு பல் மட்டும் முதலில் படுவது, ஒரு வாரம் தாண்டியும் வலி, இவற்றில் எது இருந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

வேர் நீளம் பார்க்க ஆறாவது மாதத்தையொட்டி ஓர் எக்ஸ்ரே எடுப்பது வழக்கம், உங்களுக்கு அது இப்போது வந்துவிட்டது. குழந்தைத் திட்டத்தை டாக்டரிடம் சொல்லி, கர்ப்பத்துக்கு முன்பே அந்த எக்ஸ்ரேயையும் ஒரு முழு க்ளீனிங்கையும் முடித்துவிடுங்கள். கர்ப்பமானாலும் கிளிப்பைக் கழற்ற வேண்டியிருக்காது, ஹார்மோனால் ஈறு கொஞ்சம் வீங்கும், கம்பிக்கு அடியில் நுழையும் சின்ன பிரஷ் ஒன்றை இப்போதே வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள்.